எத்தனை நெல், எவ்வளவு மூட்டை?

தமிழ் டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். என் இங்கிலீஷ் ஒன்றும் பிரமாதமில்லை. நாற்பது வயதுக்கு மேல், என் பையனின் கிராமர் புத்தகத்தை ஒரு பக்கமும் நன்னூலை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு நானாகப் படித்ததுதான். அதில் ஒரு சௌகரியம் உண்டு. வரப்பில் எந்த இடம் வழுக்கும் என்று விழுந்து எழுந்தவளுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்கும் சுவாமிமலைக்கும் நடுவில். போன புரட்டாசியில் இந்த வகுப்பு ஆரம்பமானது. நிரந்தரமாக வருகிறவர்கள் மூன்று பேர். ஒருவர் ஆட்டோ ஓட்டும் தம்பி. கும்பகோணம் ஸ்டேஷனில் இறங்கும் வெளிநாட்டுக்காரர்களைத் தாராசுரம், சுவாமிமலை என்று சுற்றிக்காட்டுகிறவர். இன்னொருத்தி நர்சிங் படிக்கும் பெண், என்னை அத்தை என்று கூப்பிடுவாள். அப்புறம் எதிர்வீட்டுப் பெரியம்மா, எழுபதைத் தாண்டியவர். மகன் கனடாவில். பேத்திக்குத் தமிழ் புரியும், பேச வராது. வீடியோ காலில் அவள் ஏதோ கேட்க இவர் சிரிக்க, இவர் ஏதோ சொல்ல அவள் சிரிக்க, இப்படியே நாலு வருஷம் ஓடிவிட்டதாம். "சிரிச்சது போதும் டீச்சரம்மா, ரெண்டு வார்த்தை பேசணும்" என்று வந்து உட்கார்ந்தார்.

முதல் நாள், நௌன் என்றால் என்ன என்று கேட்டேன். நர்சிங் பெண் கண்ணை மூடிக்கொண்டு "நௌன் இஸ் எ நேமிங் வேர்ட்" என்று ஒப்பித்தாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பெயர்ச்சொல் எத்தனை வகை என்று கேட்டேன். ஆட்டோத் தம்பி, பொருட்பெயர் இடப்பெயர் காலப்பெயர் சினைப்பெயர் பண்புப்பெயர் தொழிற்பெயர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பத்தாவதோடு படிப்பை விட்டவர்! அந்த ஆறையும் அப்படியே அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போகலாம் என்றேன். மரம், பேனா, டாக்டர் எல்லாம் பொருட்பெயர். கும்பகோணம் இடப்பெயர். ஞாயிற்றுக்கிழமை காலப்பெயர். கை, இலை சினை. அழகு, பொறுமை என்பவை பண்புப்பெயர். அவர்கள் அதை ஆப்ஸ்ட்ராக்ட் நௌன் என்பார்கள். படித்தல், நீந்துதல் தொழிற்பெயர், ரீடிங், ஸ்விம்மிங். சினைக்கு மட்டும் அங்கே தனிப்பெட்டி கிடையாது, பொருளோடு சேர்த்துவிடுவார்கள். ஆக, நௌன் பாடத்தில் முக்கால்வாசி அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

மீதிக் காலுக்கு மூன்று வாரம் பிடித்தது.

ஒரு பெயரைப் பார்த்ததும் தமிழ் கேட்கும் முதல் கேள்வி, இது உயர்திணையா அஃறிணையா என்பது. அதைப் பொறுத்துத்தான் வந்தான், வந்தது எல்லாம். இங்கிலீஷுக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை. மனிதனும் மாடும் "கேம்"தான். அதற்கு வேறு ஒரு கவலை. இந்தப் பொருளை எண்ணலாமா, எண்ணக்கூடாதா? நம் ஆட்கள் முக்கால்வாசி தப்பு செய்வது இங்கேதான்.

இதை விளக்க நான் எடுத்த உதாரணம் அரிசி. எடுத்திருக்கக் கூடாது. அரிசிக்கு ரைஸ் என்றேன். பெரியம்மா தலையாட்டினார். "சோத்துக்கு?"

"அதுவும் ரைஸ்தான், பெரியம்மா."

"நெல்லு?"

"அதற்கு பேடி என்று தனியாக இருக்கிறது. ஆனால் அதுவும் அவர்கள் சொல் இல்லை, மலாய்க்காரர்களிடமிருந்து போனது."

"அப்ப உலையில போட்டதும் ரைஸு, வடிச்சதும் ரைஸா? வெந்துச்சா வேகலயான்னு எப்படித் தெரியும் அவங்களுக்கு?"

ஆட்டோத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை. அவருக்கு மூன்று மா நிலம் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கணக்கில் மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். அதில் குறுவையும் தாளடியும் போட்டுப் பிள்ளையைப் படிக்க வைத்தவர். நாற்றாக இருக்கும்போது ஒரு பேர், கதிராக நிற்கும்போது ஒரு பேர், களத்துக்கு வந்தால் நெல், மில்லுக்குப் போய் வந்தால் அரிசி, உடைந்தால் நொய், இடித்தால் அவல், வறுத்தால் பொரி, வடித்தால் சோறு, மறுநாள் காலையில் பழையது. இத்தனையையும் கைப்பட்ட ஒருத்தரிடம் போய் எல்லாம் ரைஸ் என்றால் அவமானம் செய்த மாதிரிதான்.

அப்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. நாம் ஒரு பெயர்ச்சொல்லைச் செலவழிக்கும் இடத்தில் அவர்கள் ஒரு அட்ஜெக்டிவைச் செலவழிக்கிறார்கள். சோறு குக்ட் ரைஸ், நொய் ப்ரோக்கன் ரைஸ், பொரி பஃப்ட் ரைஸ், அவல் ஃப்ளாட்டன்ட் ரைஸ். பெயர் அதேதான், முன்னால் ஒட்டுகிற அடைதான் மாறுகிறது. பெரியம்மாவிடம் சொன்னேன்: "உங்களுக்கு அஞ்சு புடவை. அவர்களுக்கு ஒரே புடவை, அஞ்சு ரவிக்கை." அது அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அவர்களிடமும் பெயருக்குப் பஞ்சமில்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும். நாம் நாய்க்குட்டி, பூனைக்குட்டி, ஆட்டுக்குட்டி, பன்றிக்குட்டி என்று ஒரே குட்டியை வைத்து ஓட்டுகிறோம். அவர்கள் பப்பி, கிட்டன், லாம்ப், பிக்லெட் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பேர் வைத்திருக்கிறார்கள். வெள்ளாட்டுக் குட்டிக்கு "கிட்" என்று இன்னொன்று வேறு. சொந்தக்காரர்கள் விஷயத்தில் மறுபடியும் வறுமை. அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி அத்தனை பேரும் ஆன்ட்டி.

சரி, எண்ணலாமா கூடாதா என்பதற்கு வருகிறேன். பாடப்புத்தகத்தில் கவுண்டபிள், அன்கவுண்டபிள் என்று இரண்டு பத்தி போட்டு இருபது இருபது சொல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் மறந்தேன். பின்னால்தான் தெரிந்தது, அந்தப் பத்தி நம் வாயிலேயே இருக்கிறது. எத்தனை என்று கேட்போமா, எவ்வளவு என்று கேட்போமா?

எத்தனை மூட்டை, எவ்வளவு நெல். எத்தனை குடம், எவ்வளவு தண்ணி. எத்தனை கரண்டி, எவ்வளவு எண்ணெய். மாற்றிப் பாருங்கள்: எத்தனை நெல், எவ்வளவு மூட்டை. முதல் பாதியை எந்தக் குழந்தையும் சொல்லாது. எத்தனை என்று வந்தால் ஹவ் மெனி, எவ்வளவு என்று வந்தால் ஹவ் மச். எத்தனை வருகிற சொல்லுக்கு எ, ஆன் போடலாம், பன்மைக்கு எஸ் போடலாம். எவ்வளவு மட்டுமே வருகிற சொல்லுக்கு இரண்டும் கிடையாது. ரைஸஸ் இல்லை, எ வாட்டர் இல்லை. பேச்சில் "எவ்வளவு பேரு வந்தாங்க" என்றும் சொல்கிறோமே என்று நர்சிங் பெண் மடக்கினாள். எவ்வளவு கொஞ்சம் தாராளமானது, எங்கேயும் நுழையும், எத்தனைதான் கறார். அதனால் எத்தனையை வைத்துச் சோதித்துப் பார் என்றேன்.

எண்ண முடியாததை எண்ணியே ஆக வேண்டும் என்றால் என்ன செய்வது? நாம் என்ன செய்கிறோமோ அதேதான். படி, மரக்கால், கலம் என்று ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து வைப்போம். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று பெரியம்மா இன்றைக்கும் கணக்குப் போடுவார். ஒரு மூட்டை நெல், எ பேக் ஆஃப் பேடி. ஒரு கிலோ அரிசி, எ கிலோ ஆஃப் ரைஸ். ஒரு பருக்கை சோறு, எ க்ரெய்ன் ஆஃப் ரைஸ். நடுவில் அந்த "ஆஃப்" மட்டும் நமக்கு இல்லாதது. எண்ணுவது மூட்டையைத்தான், நெல்லை இல்லை. எஸ் போட்டாலும் மூட்டைக்குத்தான்: டென் பேக்ஸ் ஆஃப் பேடி.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் கை கொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாம் எத்தனை போட்டு எண்ணுகிற சில சாமான்களை அவர்கள் எண்ண மாட்டார்கள். செய்தி, தகவல், அறிவுரை, வீட்டுப்பாடம், பயணத்துக்கான பெட்டி படுக்கை, மேஜை நாற்காலி வகையறா. ரெண்டு தகவல் சொல்கிறேன் என்போம். இங்கிலீஷில் டூ இன்ஃபர்மேஷன்ஸ் கிடையாது. நியூஸில் எஸ் இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது, அது ஒருமை, இஸ்தான் வரும். அட்வைஸஸ், லக்கேஜஸ், ஹோம்வொர்க்ஸ் எல்லாம் நம் ஊர் உற்பத்தி. கும்பகோணத்தில் பஸ்ஸில் போனால் எத்தனை போர்டில் ஃபர்னிச்சர்ஸ் என்று எழுதியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வருவேன். போர்டை எண்ணலாம், ஃபர்னிச்சரை எண்ணக் கூடாது. கடைக்காரரிடம் சொல்லியா திருத்த முடியும், அவர் வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது.

சாக்பீஸ் ஒரு வேடிக்கை. சாக் எண்ண முடியாதது, அதனால் எ பீஸ் ஆஃப் சாக் என்பார்கள். நம் வாத்தியார்கள் அந்த பீஸையும் சாக்கையும் சேர்த்து ஒட்டி, ரெண்டு சாக்பீஸ் எடுத்துட்டு வா என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பரப்பிவிட்டார்கள். வேலை பார்த்த காலம் முழுக்க நானும் அப்படித்தான் கேட்டேன். இப்போதும் அப்படித்தான் கேட்பேன்.

பன்மையில் இன்னொரு சிக்கல். தமிழில் எண் சொல்லிவிட்டால் பன்மை தானாக வந்துவிடும். பத்து மாடு, மூணு வாழைப்பழம், நூறு ரூபாய். பத்து மாடுகள் என்று எழுத்தில் எழுதலாம், சந்தையில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதே வாயோடு டென் கவ், த்ரீ பனானா என்று வந்துவிடுகிறது. பத்து என்று சொன்ன பிறகும் பல என்று இன்னொரு முறை சொல்லச் சொல்கிறதே இது என்றார் ஆட்டோத் தம்பி. ஆமாம், கொஞ்சம் சந்தேகப் பிராணி இங்கிலீஷ். மீட்டர் ஓடினாலும் காசை எண்ணிப் பார்க்கிற ஆள் மாதிரி. எஸ் போடாத சில பேரும் உண்டு. சைல்ட், சில்ட்ரன். ஃபுட், ஃபீட். ஷீப் ஒன்றானாலும் ஷீப், நூறானாலும் ஷீப். பெரியம்மா வீட்டில் முன்பு ஒரு ஜோடி உம்பளாச்சேரி உழவு மாடு நின்றது, அதை வைத்து ஆக்ஸ், ஆக்ஸன் சொல்லிக்கொடுத்தேன். மாட்டின் பேர் மட்டும்தான் அவருக்கு நினைவில் நின்றது, அந்த ஆக்ஸன் நிற்கவில்லை.

அடுத்து எ, ஆன். இது எனக்கே பெருமையான விஷயம் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எல்லோரும் படித்தது: ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து எழுத்தில் தொடங்கினால் ஆன், மற்றதற்கு எ. அப்படிப் படித்தவர்கள் ஆன் யூனிவர்சிட்டி என்றும் எ அவர் (hour) என்றும் எழுதித் தப்பு வாங்குகிறார்கள். ஏனென்றால் விதி எழுத்துக்கு இல்லை, ஒலிக்கு. இதே விதி நம்மிடம் இருக்கிறதே! ஓர் ஊர், ஒரு வீடு. உயிர் வந்தால் ஓர், உயிர்மெய் வந்தால் ஒரு. பேச்சில் யாரும் பார்ப்பதில்லை, ஆனால் ஆறாம் வகுப்பில் எல்லோரும் திட்டு வாங்கிப் படித்ததுதான்.

அதனால் நான் சொன்ன வழி இது. இங்கிலீஷ் சொல்லைத் தமிழில் எழுது. முதல் எழுத்து உயிரெழுத்தாக இருந்தால் ஆன். இல்லாவிட்டால் எ. அவ்வளவுதான்.

நர்சிங் பெண் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். அம்ப்ரெல்லா, அ, ஆன். ஆப்பிள், ஆ, ஆன். யூனிஃபார்ம், யூ. "யகரம் அத்தை, மெய்யோட சேர்ந்தது. அப்ப எ யூனிஃபார்ம்!" அவர், அதாவது ஒரு மணி நேரம். ஸ்பெல்லிங்கில் முதலில் ஹெச் இருக்கிறது, தமிழில் எழுதினால் அ. ஆன் அவர். எக்ஸ்ரே, எ. ஆன் எக்ஸ்ரே. ஈசிஜி, ஈ. ஆன் ஈசிஜி. எம்எல்ஏ, எ. ஆன் எம்எல்ஏ. யூரோப்பியன், மறுபடியும் யூ. எ யூரோப்பியன். பக்கம் நிறைய எழுதினாள். ஒன்று மட்டும் தகராறு செய்தது. ஒன் ருப்பீ என்று எழுதினாள், ஒ உயிர், ஆன் ஒன் ருப்பீ காயின் என்றாள். அங்கே நாம் எழுதுவதில்தான் பிழை. வெள்ளைக்காரர் அதை வன் என்று வகரத்தோடு சொல்வார். வன் என்று எழுதினால் எ வந்துவிடும். தமிழ் எழுத்து இங்கிலீஷுக்கு இப்படி உதவும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானாகக் கண்டுபிடித்தபோது அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன்.

பெயர்களுக்குப் பெரிய எழுத்து போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது, அதனால் மறந்துபோகும். ஆள், ஊர், கிழமை, மாதம் நான்குக்கும் கை தானாகப் பெரிய எழுத்துக்குப் போகப் பழக வேண்டும். ஊர்ப்பேர் ஸ்பெல்லிங்தான் பெரும்பாடு. வெள்ளைக்காரர் தஞ்சாவூரை டாஞ்சூர் ஆக்கினார், நாகப்பட்டினத்தை நெகபட்டாம், தரங்கம்பாடியை டிராங்கிபார், கொள்ளிடத்தைக் கொலரூன். 2020-இல் 1,018 ஊர்களின் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டார்கள், சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அரசாங்கத்துக்கே அந்தப் பாடு என்றால் பெரியம்மா கும்பகோணத்தில் ஒரு எம் விட்டதற்கு நான் என்ன சொல்ல.

இனி அட்ஜெக்டிவ். இதில் இங்கிலீஷ் நம்மைவிட எவ்வளவோ சுலபம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. தமிழில் நல்ல பையன் என்கிறோம். திருப்பிச் சொன்னால் பையன் நல்லவன். பெண் நல்லவள். வீடு நல்லது. பிள்ளைகள் நல்லவர்கள். நாலு வேஷம். இங்கிலீஷில் குட் பாய், த பாய் இஸ் குட், த ஹவுஸ் இஸ் குட். எங்கே போனாலும் அதே குட், சட்டைகூட மாற்றாது. பன்மைக்கும் எஸ் போடாது. டால் ட்ரீஸ்தான், டால்ஸ் ட்ரீஸ் கிடையாது. இந்தத் தப்பை நம் ஆட்கள் செய்வதே இல்லை, ஏனென்றால் உயரமான மரம், உயரமான மரங்கள் என்று நாமும் அடையை அப்படியேதான் விடுகிறோம்.

தப்பு வேறு இடத்தில் வருகிறது. என் வீடு பெரிசு. இதில் இருக்கிறது என்ற சொல்லே இல்லை, நமக்கு வேண்டவும் வேண்டாம். அதை அப்படியே தூக்கி மை ஹவுஸ் பிக் என்று வைத்துவிடுகிறோம். பெரிசு என்பதில் கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த "சு" இருக்கிறதே, எழுத்தில் பெரியது என்று "து" போடுவோமே, அதுதான் அவர்களுடைய இஸ் என்று சொன்னேன். இலக்கணப் புலவர்கள் என்னை அடிக்க வரலாம். ஆனால் அன்றையிலிருந்து ஆட்டோத் தம்பி இஸ்ஸை விடுவதில்லை.

பெயரோடு நாம் ஆன சேர்ப்பதைப் போல அவர்களும் வால் சேர்ப்பார்கள். அழகு, அழகான, பியூட்டி, பியூட்டிஃபுல். மழை, ரெயின், ரெயினி. உப்பு, சால்ட், சால்ட்டி. ஆபத்து, டேஞ்சர், டேஞ்சரஸ். இல்லாத, அற்ற என்பதற்கு லெஸ்: கவனமற்ற, கேர்லெஸ். எந்தப் பெயருக்கு எந்த வால் என்பதற்கு விதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், பார்க்கப் பார்க்கப் பழகும்.

நாச்சியார்கோவில் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஆட்டோத் தம்பி ஒரு வெளிநாட்டுத் தம்பதியைக் குத்துவிளக்கு செய்கிற தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மேலே அன்னம் வைத்த ஒரு பழைய விளக்கைக் காட்டி, "பிராஸ் ஓல்ட் பிக் பியூட்டிஃபுல் லேம்ப்" என்று சொல்லியிருக்கிறார். அவர்களுக்குப் புரிந்தது. ஆனால் அந்த அம்மாள் ஒரு மாதிரி புன்னகைத்தாராம். ஏன் அந்த வரிசையில் சொன்னீர்கள் என்று கேட்டேன். "இங்கிலீஷ்னாலே தலைகீழாத்தானே டீச்சர் சொல்லணும்?" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் மேல் தப்பில்லை. நான் சோறு சாப்பிட்டேன் என்பதை ஐ ஏட் ரைஸ் என்று வினையைத் தூக்கி முன்னால் வைக்கிறோம். மேஜை மேல் என்பதை ஆன் த டேபிள் என்று திருப்புகிறோம். எல்லாவற்றையும் திருப்பித் திருப்பி, திருப்ப வேண்டாததையும் திருப்பிவிட்டார். அடைமொழி மட்டும் திரும்பாது. தமிழில் சொல்லுங்கள் என்றேன். "அழகான பெரிய பழைய பித்தளை விளக்கு." அதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை: எ பியூட்டிஃபுல் பிக் ஓல்ட் பிராஸ் லேம்ப். நம் அபிப்பிராயம் முதலில், அப்புறம் அளவு, அப்புறம் வயது, எதனால் செய்தது என்பது பெயரை ஒட்டிக் கடைசியில். நிறம் வந்தால் வயதுக்கும் பித்தளைக்கும் நடுவில். பித்தளைப் பழைய அழகான விளக்கு என்று தமிழில் சொன்னாலும் காது கூசும்தானே.

பித்தளை பெயர்ச்சொல்தானே, அது எப்படி அடையாக வந்தது என்று நர்சிங் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. நம் ரைஸ் மில், பஸ் ஸ்டாண்ட் மாதிரிதான். ஒரு பெயர் இன்னொரு பெயருக்கு முன்னால் போய் நின்று அடை வேலை பார்க்கும். அப்படி நிற்கும்போது பெரும்பாலும் எஸ் கழற்றிவிடும். ஃபைவ் ருப்பீஸ், ஆனால் எ ஃபைவ் ருப்பீ காயின். நம் ஆட்கள் இங்கே மட்டும் எஸ் போட்டுவிடுவார்கள். போட வேண்டிய இடத்தில் போடாமல் சேர்த்துவைத்தது.

ஒப்பிடுவதற்கு எர், மோர் என்று இரண்டு வழி. நாம் அதைவிட என்று ஒன்றைப் போட்டுவிட்டு அடையைத் தொடுவதே இல்லை. அவர்கள் அடையிலேயே கை வைப்பார்கள். டால், டாலர். பிக், பிக்கர். சொல் நீளமாக இருந்தால் எர் ஒட்டாது, முன்னால் மோர் வரும். சின்னச் சொல்லுக்கு மோர் ஊற்றாதே, நீளமான சொல்லுக்கு ஊற்று என்று சொல்லிவைத்தேன், மறக்கவில்லை. மோர் பியூட்டிஃபுல் சரி, மோர் டாலர் தப்பு. குட் மட்டும் பெட்டர் என்று ஆளே மாறிவிடும், அதன் மேலும் மோர் ஊற்றிக் குடிக்கிறவர்கள் உண்டு. பெரிய கோயிலை வைத்துப் பயிற்சி கொடுத்தேன். அப்பா ராஜராஜன் 1010-இல் முடித்த தஞ்சாவூர் விமானம், மகன் ராஜேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தைவிட உயரம். தஞ்சாவூர் விமானா இஸ் டாலர். ஆட்டோத் தம்பி இதை மறுநாளே ஒரு சவாரியிடம் சொல்லிப் பார்க்க, அவர் "ஹவ் மெனி டாலர்ஸ்?" என்று பர்ஸை எடுத்தாராம். நோட்டில் இரண்டையும் தமிழில் எழுதிப் பார்த்தோம். ஒரே எழுத்துதான். முதல் ஒலியில்தான் முக்கிய வித்தியாசம், நம் ட இரண்டுக்கும் ஒன்றே. தமிழ் எழுத்தை வைத்துப் பெருமை அடித்தேன் இல்லையா, அது இப்படியும் காலை வாரும்.

என் சொந்தக் கதை ஒன்று பாக்கி. எனக்கு இருபத்து மூன்று வயது. ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு எழுதிப் போட்டேன். யாரையும் கேட்காமல், டிக்‌ஷனரியை வைத்து நானே எழுதியது. "ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் டீச்சிங்." நேர்முகத்துக்குப் போனபோது மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரைப் பார்த்து, "ஆமா, ரொம்ப சுவாரசியமானவங்கதான்" என்றார். மூவரும் சிரித்தார்கள். என்ன தப்பு என்று சொல்லவில்லை. எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாமலேயே பஸ் ஏறி வந்தேன். தெரிய இருபது வருஷம் ஆயிற்று.

இங் வந்தால் அந்த உணர்வை உண்டாக்குகிறது. எட் வந்தால் அந்த உணர்வு உண்டானது. கதை இன்ட்ரஸ்டிங், கேட்கிற நான் இன்ட்ரஸ்டட். பாடம் போரிங், படிக்கிற பிள்ளை போர்ட். நமக்குத் தெரியாததா இது? களைப்பூட்டுகிற வேலை, களைத்த ஆள். டயரிங் வொர்க், டயர்ட் மேன். இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம் அந்த மனுஷர். நர்சிங் பெண் போன வாரம் "ஐ ஆம் போரிங் அத்தை" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. அடக்கிக்கொண்டு, களைப்பூட்டுகிற வேலையிலிருந்து ஆரம்பித்தேன்.

இப்போது தை பிறக்கப் போகிறது. சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் பெரியம்மா களத்துக்குப் போய்விடுவார், வகுப்பு ஒரு மாதத்துக்குக் கிடையாது. அதற்குள் வினைச்சொல்லை ஆரம்பிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

முந்தாநாள் பெரியம்மா காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். ராத்திரி பேத்தி கூப்பிட்டிருக்கிறாள். சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது, தட்டோடு உட்கார்ந்து பாதியை ஒதுக்கிக்கொண்டிருந்தாளாம். இவர் விடவில்லை. "டோன்ட் வேஸ்ட் எ க்ரெய்ன் ஆஃப் ரைஸ்" என்று சொல்லியிருக்கிறார், ஆஃப் உட்பட. பேத்தி ஆச்சரியப்பட்டுத் தட்டைக் கேமராவுக்குக் காட்டி, "பாட்டி, தீஸ் ஆர் நூடுல்ஸ்!" என்றாளாம்.

"அதுல எஸ்ஸு இருக்கே டீச்சரம்மா. அப்ப அது எண்ணுற சாமானா?"

"ஆமாம் பெரியம்மா. எண்ணலாம்."

திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையின் காம்பைக் கிள்ளினார். "மூணு மாசம் தண்ணி கட்டி விளைய வைக்கிற அரிசிய எண்ண மாட்டாங்களாம். அந்த நூலை ஒவ்வொண்ணா எண்ணுவாங்களாம்" என்று சொல்லிவிட்டுச் சுண்ணாம்பைத் தடவ ஆரம்பித்தார்.